வலி கூடினால் கைதட்டுவார்கள்

கணவர் டோகுஜிக்கு முதுகுவலி முந்தாநாளைவிட இன்னும் அதிகமாகிவிட்டது என்று ஹிசாயோ எழுந்து நின்று சொன்னதும், கூடத்தில் இருந்த நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

"வாழ்த்துக்கள், அம்மா!" என்று முன்னால் நின்ற குசுமி கூவினான். "எங்கே, இன்னொரு தரம் சொல்லுங்க. பின்வரிசைக்குக் கேக்கலியாம்."

"வலி கூடிடுச்சு. ராத்திரி முழுக்கப் படுக்க முடியாம உட்கார்ந்தே இருந்தார்."

"கேட்டீங்களா எல்லாரும்? காந்த மெத்தை வாங்கி எத்தனை நாளாச்சும்மா?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாள்லயே திருப்பம்! இங்கே மூணு மாசமாப் படுத்தும் வராதவங்க இருக்காங்க. அப்பாவோட உடம்பு அவ்வளவு நல்ல உடம்பு. கை தட்டுங்க, கை வலிக்கிற மாதிரி தட்டுங்க!"

மறுபடியும் தட்டினார்கள். ஹிசாயோவுக்குக் காது மடல் சூடாகியது. எழுபது வயதுவரை அவளுக்கென்று யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

திருப்பம் என்பது அந்தக் கூடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற சொல். நோய் உடம்பைவிட்டுப் போகும்போது சும்மா போகாது. வந்த வழியாகவே திரும்பிப் போகும், போகிற போக்கில் ஓர் உதையும் விட்டுவிட்டுப் போகும். காந்தம் ரத்தத்தைப் பிடித்து இழுக்கும்போது வலி கூடினால், நோய் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். வலி குறைந்தால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கூடினாலும் நல்லது, குறைந்தாலும் நல்லது. கெட்ட சேதி என்று ஒன்று அந்த வாசற்படி தாண்டி உள்ளே வர வழியே இல்லை.

சகாதா ரயிலடித் தெருவில் மூடிக்கிடந்த செருப்புக் கடையைத்தான் வாடகைக்குப் பிடித்துக் கூடமாக்கியிருந்தார்கள். கடலிலிருந்து அடிக்கிற காற்றில் பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் பறக்கிற ஊர் அது. ஜனவரி மாதத்தில் கிழவிகள் போவதற்கு ஆஸ்பத்திரியும் கல்லறையும்தான் உண்டு என்று உமேகோ அக்கா சொல்வாள். அதனால் ஒன்பதரை மணிக்கே வரிசை நின்றுவிடும். உள்ளே கணப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ரொட்டியோ நாலு முட்டையோ, காந்த மெத்தை விரித்த நாற்காலிகள், அப்புறம் குசுமி.

குசுமிக்கு முப்பது இருக்கும். தெற்கே எங்கேயோ பிறந்தவன், பேச்சில் ஒரு இழுவை. வந்தவர்கள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அம்மா, நேத்து தூங்கினீங்களா?" என்று கேட்பான். எல்லாக் கிழவிகளையும்தான் அம்மா என்றான். ஆனால் ஹிசாயோவுக்குப் பிள்ளை கிடையாது. முதல் தடவை அவன் அப்படிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தாள்.

அன்று கூடம் முடிந்து உமேகோ அக்காவுடன் நடந்து வந்தாள். உமேகோ அக்காதான் அவளை முதலில் அங்கே கூட்டிப்போனவள். மீன் வியாபாரம் செய்து ஓய்ந்தவள், எழுபத்தாறு வயது, விதவை.

"உன் வீட்டுக்காரர் முறைக்கலியா, இத்தனை பெரிய மெத்தையைப் பார்த்து?"

"முறைச்சார். நான் என்ன ஆணியா, காந்தத்துல ஒட்டிக்கறதுக்குன்னார்."

"அப்புறம் எப்படிப் படுத்தார்?"

"பழைய மெத்தையை நான்தான் குப்பை வண்டியில போட்டுட்டேனே."

உமேகோ அக்கா சிரித்த சிரிப்பில் முட்டைப் பொட்டலம் நழுவப் பார்த்தது. "நீ ஊமைக் கள்ளிடி!"

வீட்டில் டோகுஜி, போர்வை போர்த்தி அடியில் சூடு வைத்த கணப்பு மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் அழுத்தி உட்கார்ந்திருந்தார். சாய்ந்து படுத்தால் வலி பிடுங்குகிறது. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. நாற்பத்தைந்து வருஷம் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். தோளும் முதுகும் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அறுவடை மாதத்தில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல், வயசாச்சு என்று ஒட்டுப்பட்டை கொடுத்து அனுப்பினார்.

"என்ன, தட்டினாங்களா?"

"தட்டினாங்க. ரெண்டு தரம்."

"எத்தனை வீடு பூசியிருக்கேன்! கோயிலுக்கே பூசியிருக்கேன். ஒரு பய கைதட்டினதில்லே. முதுகு வலிக்குதுன்னா தட்டறான்."

"சட்டையைத் தூக்குங்க."

பொட்டு அகலத்தில் காந்தம் வைத்த வட்ட ஒட்டுகளை அவள் தினமும் அவர் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வரிசையாக ஒட்டுவாள். எங்கே அழுத்தினால் அவர் பல்லைக் கடிக்கிறாரோ அங்கே இரண்டு.

"ஆஸ்பத்திரிக்குத்தான் ஒரு நடை போய்ட்டு வந்துடுவமா?" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று அவளுக்கு இருந்தது.

"உன் பிள்ளையாண்டான் என்ன சொல்றான்?"

குசுமியிடம் அவள் கேட்டுத்தான் இருந்தாள். "போகாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்மா, அப்படிச் சொல்லக்கூடாது," என்றான் அவன். "உங்க இஷ்டம். ஆனா அங்கே போனா வலி மாத்திரைதான் தருவாங்க. மாத்திரை போட்டா திருப்பம் பாதி வழியில நின்னுடும். கிளம்பின நோய் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் நானே வந்தாலும் கிளப்ப முடியாது."

அதை அப்படியே சொன்னாள். டோகுஜி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனி குறையட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் "எப்படி இருக்கு?" என்பாள். அவர் "ஜாஸ்தி" என்பார். "நிஜமாவா!" என்று அவள் முகம் மலரும். மற்ற வீடுகளில் காலை வணக்கம் சொல்கிற மாதிரி அந்த வீட்டில் ஜாஸ்தி. அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதோ, வலியை அவர் கொஞ்சம் கூட்டியே சொல்கிறாரா குறைத்தே சொல்கிறாரா என்பதோ அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை காலையில் அவர் ஜாஸ்தி என்று சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?"

"இல்லே."

"என்ன இல்லே?"

"வலி இல்லே. இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. லேசா, பஞ்சு மாதிரி."

ஹிசாயோ அரிசியைக் களைந்தாள். சிவப்புப் பயறு போட்டுச் சோறு வடித்தாள். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வைக்கிற சோறு. அந்த வீட்டில் எதற்காகக் கடைசியாக வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. ஒரு டப்பாவில் அடைத்துக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். அன்று தட்டின தட்டில் செருப்புக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. குசுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். "எங்கம்மாவுக்கு இந்த மெத்தை கிடைக்காமப் போச்சு," என்றான். அது பொய்யில்லை என்று இன்றைக்கும் அவள் சொல்வாள்.

வீட்டுக்கு வந்தபோது டோகுஜி கழிவறைக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வழுக்கிட்டீங்களா?"

"இல்லே. கால் மடங்கிடுச்சு. நானும் ஒரு மணி நேரமாச் சொல்றேன், எழுந்திருன்னு. கேக்க மாட்டேங்குது."

அன்று சாயங்காலமே குசுமி வீட்டுக்கு வந்தான். காலணியை வாசல் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து, படுத்திருந்தவரின் கால்மாட்டில் மண்டியிட்டு, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"அப்பா, நான் தேய்க்கறது தெரியுதா?"

டோகுஜி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, வாசற்கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார்.

"தெரியுது, தெரியுது. கூச்சமா இருக்கு, விடு."

"கேட்டீங்களாம்மா? நோய் காலுக்கு இறங்கியிருக்கு. கால் வழியாத்தான் கடைசியில வெளியே போகும். இப்ப ஆளை அசைக்காதீங்க. மெத்தையை விட்டு எழுப்பாதீங்க. பத்து நாள்!"

பத்து நாள் என்று ஒரு கணக்குக் கிடைத்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. சோறு ஊட்டினாள். துடைத்துவிட்டாள். சிறுநீருக்குப் பாட்டில் வைத்தாள். பழைய வேலைகளைப் பற்றி அவர் பேசினால் கேட்டாள். எந்த வீட்டு எஜமானி பூச்சு காய்வதற்குள் கையை வைத்துப் பார்த்துக் கெடுத்தாள், எவன் கூலிக்குப் பதிலாகப் பேரிக்காய் மூட்டை கொடுத்தான் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். சத்தம் போட்டுச் சிரித்தார்கள்கூட.

நாலாம் நாள் படுக்கையைச் சரிசெய்யும்போதுதான் பார்த்தாள். கால்மாட்டில் வைத்திருந்த வெந்நீர்க் குடுவையின் உறை கழன்று, தகரம் நேராகக் குதிகாலில் பட்டுக் கிடந்தது. குதிகாலில் முட்டை அளவுக்குக் கொப்புளம்.

"என்னங்க, சுடலியா?"

"எது?"

"ஒண்ணுமில்லே."

மறுநாள் கூடத்தில் அவள் எழுந்து நின்று சொல்லவில்லை. எல்லோரும் போனபிறகு, குசுமி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது கிட்டப் போய் மெல்லச் சொன்னாள்.

"நீர் கோத்திருக்கா?" என்றான் அவன். கை ஒரு நிமிஷம் நாற்காலியிலேயே நின்றது. பிறகு, "விஷம்தாம்மா நீரா வெளியேறுது. உடைச்சிடாதீங்க," என்றான்.

ஏன் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். கைதட்டிவிடுவார்களே என்று பயம். அவ்வளவுதான். அது தெரிந்தும், வீட்டுக்கு வந்து அவர் காலில் சாக்சை மாட்டி மூடினாள்.

ஒன்பது நாள் கழிந்து, புதன்கிழமை மதியம், மீன் குழம்புப் பாத்திரத்தோடு உமேகோ அக்கா வந்தாள்.

"என்ன ஓய், ராஜா மாதிரிப் படுத்திருக்கீர்?"

"பொண்டாட்டி எழுந்திருக்க விடமாட்டேங்கறா."

போர்வைக்கு மேலேயே அவர் வயிறு மேடாகத் தெரிந்தது. உமேகோ அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணுக்கு எப்ப போனார்?"

"நேத்துலேருந்து சொட்டுச் சொட்டாத்தான்..."

"போன் எங்கே?"

"அக்கா, இன்னும் ஒரே ஒரு நாள்தான். பத்து நாள்னு குசுமி..."

"குசுமியை உனக்குக் காட்டினவளே நான்தான். அந்தப் பாவத்துக்கு இப்ப நானே சொல்றேன், வாயை மூடிட்டு போன் எங்கேன்னு சொல்லு!"

ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியது. முதலில் குழாய் போட்டு சிறுநீரை இறக்கினார்கள். பிறகு முதுகுக்குள் பார்க்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, அந்த இயந்திரமே ஒரு பெரிய காந்தம் என்றான் அங்கிருந்த ஊழியன்.

"காந்தமா?" என்றார் டோகுஜி. "அடியே, உன் ஆளுங்க இதை விக்கலியா?"

ஊழியன் சட்டையைத் தூக்கிப் பார்த்துத் திகைத்துப்போனான். ஹிசாயோவே ஒவ்வொன்றாக உரித்தாள். எந்தெந்த இடத்தில் ஒட்டினாள் என்று அவளுக்குத்தானே தெரியும்? உரித்த இடமெல்லாம் வெளுப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. இடுப்புக்கு மேலே உரித்தபோது அவர் "ஸ்" என்றார். கீழே உரித்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும். படத்தை வெளிச்சத்தில் வைத்து வேகமாகப் பேசினாள்.

"முதுகெலும்புல ஒரு கட்டி இருக்கு. வேற இடத்துலேருந்து வந்து உட்கார்ந்த கட்டி. எங்கேருந்துன்னு அப்புறம் பார்ப்போம். இப்ப அது நரம்பை நசுக்கிட்டிருக்கு. எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கால் எப்ப விழுந்தது?"

ஹிசாயோ வாயைத் திறப்பதற்குள் டோகுஜி சொன்னார்: "நேத்து."

"நேத்து எப்ப?"

"சாயங்காலம். மீன் குழம்பு குடிச்சிட்டுப் பாத்திரத்தை வைக்கலாம்னு எழுந்தேன். மடங்கிடுச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் நடந்தேன்."

"நிச்சயமா?"

"என் காலு, எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மாவின் முகத்தில் சட்டென்று ஒரு சுறுசுறுப்பு வந்தது. "அப்ப நேரம் இருக்கு. ஒருநாள், ரெண்டு நாளுக்குள்ளே அந்த அழுத்தத்தை எடுத்துட்டா கால் திரும்ப வர வாய்ப்பு இருக்கு. அதுக்கு மேலே போயிட்டா அறுத்தும் பிரயோஜனமில்லே. இந்த வயசுல, இந்த உடம்புல, ஆபத்து மட்டும்தான். இன்னிக்கே பண்ணிடலாம்." போனை எடுத்தாள். அறுவை அறையைத் தயார் செய்யச் சொன்னாள். ஒரு நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தாள். இன்னொருத்தி ஒரு காகிதத்தையும் பேனாவையும் ஹிசாயோவின் கையில் கொடுத்தாள்.

கால் திரும்ப வரும். வசந்தம் வந்தால் அவர் ஆற்றங்கரை வரைக்கும் நடப்பார். நடந்து வந்து, வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு, அப்பாடா என்பார். ஒரு நொடி முழுக்க ஹிசாயோ அதை நம்பினாள்.

காகிதத்தில் எழுதியிருந்தது: கால் செயலிழந்தது நேற்று மாலை. அதற்குக் கீழே குடும்பத்தார் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடு," என்றார் டோகுஜி. அவர் கண் அவள் மேலேயே இருந்தது. படுக்கையிலிருந்து குசுமியின் தோளுக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை இல்லை இது, இது கெஞ்சல். "ஹிசா, போட்டுடு."

பேனா கோட்டில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது.

"ஒன்பது நாள்," என்றாள்.

டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "என்ன?"

"ஒன்பது நாளாச்சு. இந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை. நேத்து இல்லே."

"அவ பதட்டத்துல உளர்றா," என்றார் டோகுஜி.

"உளரலே. குதிகால்ல கொப்புளம் இருக்கு, பாருங்க. சுட்டது அவருக்குத் தெரியலே. நான் பார்த்தேன். பார்த்துட்டு சாக்சை மாட்டினேன்."

டாக்டரம்மா கால்மாட்டுக்குப் போய்ச் சாக்சை உருவினாள். உள்ளங்காலில் ஊசி நுனியால் குத்தினாள், கணுக்காலில், முழங்காலில், தொடையில். ஒவ்வொரு இடத்திலும் டோகுஜியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாளா வீட்டுல வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க?"

"திருப்பம்னு சொன்னாங்க."

"எது?"

ஹிசாயோ விளக்க வாயெடுத்தாள். நோய் வந்த வழியாகத் திரும்பிப் போகும் என்று தொடங்கினாள். அந்த அறையில், அந்தப் படத்துக்கு முன்னால், அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தமும் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனில் "வேண்டாம், நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னாள். வலி வந்தால் மருந்து இருக்கிறது, கதிர்ச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம், கட்டி எங்கிருந்து வந்தது என்று நாளைக்குத் தேடுவோம் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னாள். கால் பற்றி எதுவும் சொல்லவில்லை. நர்ஸ் வந்து, ஹிசாயோவின் கையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் தனியாக இருந்தார்கள்.

"ஏண்டி சொன்னே?"

"பொய்க்கு அறுப்பாங்களா?"

"அறுத்தா அறுத்துட்டுப் போகட்டும். நடந்தா நடந்திருப்பேன். நடக்கலேன்னா டாக்டர் அறுத்ததுல போச்சுன்னு ஊர் பேசும். செத்தாலும் அப்படித்தான். இப்ப பாரு, எல்லாம் உன் தலையில விழுந்தது."

"விழட்டும்."

"நீ தாங்கமாட்டே."

"ஆமா," என்றாள் ஹிசாயோ. "தாங்கமாட்டேன்."

அவர் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பய பேர்ல நான் ஒண்ணும் தப்பு சொல்லமாட்டேன். நான்தானே தெரியுது தெரியுதுன்னேன்," என்றார்.

"எனக்காகத்தானே சொன்னீங்க?"

"உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு."

முன்பு ரத்தம் எடுத்த நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், ஊர்ப் பேச்சு. "பாட்டி, இப்படி வாங்க. இவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒருபக்கமாப் புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகுல புண் வந்துடும். வீட்டுக்குப் போனா நீங்கதானே பண்ணணும், இப்பவே கத்துக்குங்க. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல."

ஹிசாயோ தோளைப் பிடித்தாள். இடுப்பைப் பிடிக்கப் போய்த் தயங்கினாள். "இங்கேயா? வலிக்குமா?"

"எங்கே வேணாப் பிடி," என்றார் டோகுஜி. "எனக்குத் தெரியவா போகுது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றாள் நர்ஸ். புரட்டினார்கள். மேலுடம்பு வந்தது; கால்கள் பின்தங்கி, யாரோ மறந்துவிட்டுப் போனவை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. நர்ஸ் அவற்றை எடுத்துச் சரியாக வைத்து, நடுவில் ஒரு தலையணை செருகினாள்.

"அடுத்தது எப்ப?"

"மணி இப்ப மூணரை. அஞ்சரைக்கு."

"அப்புறம்?"

"ஏழரை. ஒன்பதரை. அப்படியே போய்க்கிட்டே இருக்கும் பாட்டி."

நர்ஸ் போய்விட்டாள். டோகுஜி சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அவர் முகம் இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. ஹிசாயோ நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கடிகாரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.